சீனிவாசலுவின் இடது கால்

எங்கள் தெருவில் மாடி வீட்டு அம்மாவின் பெயரை முழுதாக உச்சரித்தவர் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ஒருவர்தான். அதுவும் ரசீதில் அச்சாகியிருந்ததால். மற்ற அனைவருக்கும் அவர் ‘சிஸ்டர்’. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மருந்தகத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுச் சொந்தக்காரர் கன்னடத்தில் சிஸ்டர் என்பார், பால்காரர் தெலுங்கில் சிஸ்டர் என்பார், என் மனைவி தமிழில். மூன்று மொழிக்காரர்கள் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அந்த ஊரில் எனக்குத் தெரிந்து அதுதான். நாங்கள் கீழ் வீடு, அவர் மாடி வீடு.

முதன்முறை அவர் வீட்டுக்குள் போனபோது எங்கோ ஏதோ குறைகிறது என்று தோன்றியது. காப்பி குடித்து முடிக்கும்போதுதான் பிடிபட்டது. சுவரில் ஒன்றுமே இல்லை. காலண்டர் ஜன்னல் கம்பியில், துணி காயப்போடும் கிளிப்பில் தொங்கியது. கடிகாரம் ஃபிரிட்ஜின் மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. கல்யாணப் படம் பீரோவின் மேல் காந்தத்தில். மாதா சொரூபம் ஒரு மடக்கு ஸ்டூலில், முன்னால் ஒரு விளக்கோடு.

ஓசூர் வாடகை வீடுகளில் சுவர் என்பது வீட்டுக்காரரின் தோல். காலி செய்கிற அன்று அவரே வந்து டார்ச் அடித்து ஒவ்வொரு ஆணி ஓட்டையாகத் தடவிப் பார்ப்பார். அது தெரிந்தும் நாங்கள் குடிவந்த முதல் வாரத்திலேயே காலண்டர், கடிகாரம், மாமனார் என மூவரையும் அறைந்து மாட்டியிருந்தோம்.

“ஒரு ஆணிகூடவா அடிக்கல, சிஸ்டர்?” என்றேன்.

“கழட்டறப்ப வலிக்கும் சார்.”

“யாருக்கு? செவுத்துக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் எழுதுகிறவன், அதிலும் சிரிக்க வைக்க எழுதுகிறவன். எதிரில் இருப்பவர் சிரிக்காதபோது நான் மட்டும் சிரிப்பது எனக்குப் பழகிய நிலைதான்.

எந்தப் பொருளைக் காட்டினாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றே: “கழட்ட முடியுமா?” நான் கார் வாங்கியபோது ஊரே மைலேஜ் கேட்டது. சிஸ்டர் உள்ளே எட்டிப் பார்த்து, “சீட்டு உறையைக் கழட்டித் தோய்க்கலாமா?” என்றார். தெரியவில்லை என்றேன். “அப்பறம் எதைப் பாத்து வாங்கினீங்க?” என்றார். கலரைப் பார்த்து என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருமுறை பெயின்ட் டப்பாவைத் திறக்கப் போய் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன். மேலே ஓடினேன். அவர் கட்டுப் போட்ட வேகத்தில் எனக்கு அலறக்கூட நேரம் கிடைக்கவில்லை. முடிச்சைத் தொட்டுக் காட்டினார். “இதை இழுத்தீங்கன்னா மொத்தமும் அவுந்துடும். கட்டு போடறதே கழட்டறதுக்குத்தான் சார். கழட்டத் தெரியாதவங்க கட்டக் கூடாது.”

இது அவருடைய தொழிலிலிருந்து வந்த குணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பிறகு ஒரு மழை நாளில், பேச்சுவாக்கில், என் மனைவியிடம்தான் சொன்னார். காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து புதிதாக ஓசூருக்கு வந்து குடியேறிய முதல் வீட்டில், அவர் கணவர் மாதாவுக்கு ஒரு கல் பலகையைச் சுவரில் பதித்து சிமென்ட் வைத்துப் பூசியிருக்கிறார். வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது சுவரை உடைக்க வீட்டுக்காரர் விடவில்லை. “மாதாவைத் தூக்கிட்டு வந்துட்டோம். மாதா நின்ன எடம் அங்கயே நின்னுடுச்சு,” என்றார். அடுத்த வருடமே கணவரும் போய்விட்டார். அதன் பிறகு ஏழெட்டு வீடு மாறியும் எந்தச் சுவராலும் அவரிடமிருந்து எதையும் பிடுங்கிக்கொள்ள முடிந்ததில்லை.

ஓய்வு பெற்றதும் மொட்டைமாடியில் செடி வளர்க்க ஆரம்பித்தார். பிகோனியா. பூவுக்காக அல்ல, இலைக்காக வளர்க்கிற செடி. ஒவ்வொரு இலையிலும் யாரோ உட்கார்ந்து பிரஷ் பிடித்த மாதிரி வெள்ளி, செம்பு, கறுப்பு. நேர் வெயில் பட்டால் கருகும், காற்று அடித்தால் கிழியும், தண்ணீர் தேங்கினால் அழுகும். இவ்வளவு நோஞ்சான் செடியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். “ஆரோக்கியமா இருக்கறவங்களோட எனக்கு என்னா பேச்சு?” என்றார்.

செடிகளுக்காகச் சின்னதாக ஒரு பசுமைக்குடில் வைக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டார். வீட்டுக்காரர் எல்லைக்கு அந்தப்பக்கம் அத்திப்பள்ளியில் இருப்பவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: “நான் போன் போட்டா ஒரே நாள்ல எல்லாம் கீழே எறங்கணும் சிஸ்டர். ஆய்த்தா?”

“ஆய்த்து,” என்று அவருடைய கன்னடத்திலேயே ஒத்துக்கொண்டார் சிஸ்டர், அது ஒரு நிபந்தனையே அல்ல, தன் சொந்தக் கொள்கை என்பது போல.

குழாய்க் கூடு வந்தது, கிளாம்ப் போட்டுப் பூட்டினார்கள். ரோஜாத் தோட்டத்துக்காரர்கள் கழித்துப்போட்ட பாலித்தீன் ஷீட்டு மேலே ஏறியது. மிச்சம் இருந்தது உள்ளே வைக்க வேண்டிய ரேக்குகள். அதற்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறவன். மூன்று பேரிடம் விலை வாங்கி, மூன்றிலும் மோசமானதைத் தேர்ந்தெடுப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவன்.

போகும் வழியிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். “இரும்பு ஆங்கிள்ல அளவு கொடுத்து வெல்டிங் அடிச்சிருங்க சிஸ்டர். ஆயுசுக்கும் ஆடாது.”

“ஆயுசுக்கும் இங்கயே இருக்கப்போறது யாரு சார்?”

ராயக்கோட்டை சாலையில் ஒரு ரேக் கடை. மரப் பலகையை நகத்தால் கீறிப் பார்த்து, “ஈரத்துல உப்பிடும்,” என்று தள்ளினார். பிளாஸ்டிக் தட்டின் நடுவில் உள்ளங்கையை ஊன்றினார். அது குழிந்தது. “முதுகு வலுவில்ல.” பிறகு ஓட்டைகள் வரிசையாகப் போட்ட ஆங்கிள் ரேக்கின் முன்னால் போய் நின்றார். ஓட்டைக்கு ஓட்டை தட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். செடி வளர வளர இடம் விடலாம்.

கடைக்காரர் உற்சாகமானார். “மாட்டிக் காட்டட்டுமா மேடம்?”

“மாட்டறது எல்லாரும் மாட்டுவாங்க. கழட்டிக் காட்டுங்க.”

அப்படி ஒரு கோரிக்கையை அவர் வியாபார வாழ்க்கையில் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கடைவாசலில் மாதிரிக்கு ஒரு ரேக் பல காலமாகப் பெயின்ட் டப்பாக்களைச் சுமந்து நின்றிருந்தது. டப்பாக்களை இறக்கினார். ஸ்பானரைப் போட்டார். நட்டு அசையவில்லை. எண்ணெய் விட்டார். அசையவில்லை. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். ஸ்பானர் வழுக்கி அவர் விரலில் இடித்தது.

சிஸ்டர் முதலில் விரலைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நட்டைப் பார்த்தார். “உள்ளயே புண்ணாயிடுச்சு. வெளிய பாத்தா தெரியல, பாருங்க.”

துரு பிடிக்காத பூச்சு போட்ட ஆங்கிளாக எடுத்துத் தரச் சொன்னார். தட்டுக்குத் தகடு வந்தபோது, கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றினார். கடைக்காரர் அலறினார்.

“கொளம் மாதிரி நிக்குது. எங்க செடி கால் அழுகிடும். கம்பி வலைத் தட்டு இருக்கா?”

இருந்தது. வலைத் தட்டை ஆங்கிளின் மேல் சும்மா வைத்தார், தூக்கினார், மறுபடி வைத்தார், மறுபடி தூக்கினார். வாரம் ஒருமுறை தட்டுகளை வெளியே எடுத்து பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைக்க வேண்டுமாம். “வார்டுல பெட்ஷீட் மாத்தாம பேஷன்ட படுக்க வெப்பீங்களா?” நான் வார்டு நடத்துவதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கடைசியாக நட்டு. ஆறு மூலை நட்டுகளை அவர் தொடக்கூட இல்லை. இரண்டு பக்கமும் இறக்கை வைத்து, கையாலேயே திருகுகிற நட்டு வேண்டும் என்றார். “ஸ்பானர் தேட வேணாம் பாருங்க. கை இருந்தா போதும்.”

“அது அவ்ளோ டைட் வராது மேடம்,” என்றார் கடைக்காரர். கேட்கவில்லை என்று தெரிந்ததும், ஆறு மூலை நட்டு ஒரு பாக்கெட்டைத் தன் பங்குக்கு மூட்டையில் போட்டார். “வெச்சுக்கோங்க, என்னைக்காவது வேணும்னு வரும்.”

“என்னாத்துக்கு?” என்றார் சிஸ்டர். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. சும்மா கிடைத்ததைத் திருப்பிக் கொடுக்கிற அளவுக்குக் கொள்கை யாரிடமும் இருக்காது.

ரேக்குகள் மொட்டைமாடியில் நின்ற அன்று, நின்றது சரிதானா என்று பார்க்க உடனே கழற்ற வைத்தார். திரும்ப மாட்டும்போது நான் இடதை வலதாக்கி, முன்னதைப் பின்னதாக்கி, பார்ப்பதற்கு ஒட்டகம் உட்கார எத்தனிப்பது போன்ற ஒன்றை உருவாக்கியிருந்தேன். சிஸ்டர் கீழே போய் வெள்ளை பிளாஸ்திரிச் சுருளைக் கொண்டுவந்தார். துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு பாகத்திலும் ஒட்டி, பேனாவால் எழுத ஆரம்பித்தார்.

எண் எழுதுவார் என்று நினைத்தேன். அவர் எழுதியது: ‘முருகேசன் வலது முழங்கை’. ‘அந்தோணி தோள்’. ‘கெம்பம்மா மணிக்கட்டு’. வாசலோரத்து ரேக்கின் முன்பக்கக் காலில், ‘சீனிவாசலு இடது கால்’.

“இவங்கல்லாம் யாரு சிஸ்டர்?”

“நம்ம பேஷன்ட்டுங்க. நம்பர் போட்டா மறந்துடும் சார். ஆளு மறக்காது. எந்தப் பக்கம்ங்கறதும் மறக்காது.”

சீனிவாசலுவின் காலில் பிளாஸ்திரியை அழுத்தித் தேய்த்தபடி சொன்னார்: “பேக்டரியில இரும்பு அச்சு, டைன்னு சொல்வாங்க, அது விழுந்து ரெண்டு எடத்துல ஒடைஞ்சுது. ஆஸ்பத்திரி போற வரைக்கும் வண்டியில நான்தான் காலப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். மனுசன் வழி பூரா தெலுங்குல கத்திக்கிட்டே வந்தாரு. நானும் தெலுங்குலயே திட்டிக்கிட்டே போனேன்.”

“திட்டினா வலி குறையுமா?”

“அவருக்குக் கோவம் வந்துச்சு. கோவம் வந்தா மயக்கம் வராது.”

அதன் பிறகு அந்த மாடியில் கேட்ட வாக்கியங்களை வெளியாள் கேட்டிருந்தால் போலீசுக்குப் போயிருப்பார். “சார், முருகேசனைக் கொஞ்சம் தூக்குங்க.” “அந்தோணிய கெம்பம்மா மேல வைங்க.” “சீனிவாசலுவ மெதுவா எறக்குங்க, கீழ போட்டுடாதீங்க.”

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் புயல் மாதிரி காற்று அடித்தது. பின்னாலேயே ஆலங்கட்டி மழை. ஓசூரில் மே மாதம் அப்படித்தான் திடீரென்று வெறி பிடிக்கும். மேலே தடதடவென்று சத்தம். மழை விட்டதும் நான் படியேறினேன். ஏறும்போதே, “நான் அப்பவே வெல்டிங் அடிங்கன்னு சொன்னேன்” என்ற வாக்கியத்தை நல்ல தொனியில் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். வாழ்க்கையில் அதைச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி வருவதில்லை. பொதுவாக மற்றவர்கள்தான் என்னிடம் சொல்வார்கள்.

ஒரு ரேக் சாய்ந்து, அதிலிருந்த தொட்டிகள் எல்லாம் தரையில். சிஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உடைந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இலையின் நரம்பைக் கத்தியால் கீறி ஈர மணலில் பதித்தார். பிகோனியாவுக்கு ஓர் இலை போதும், அதிலிருந்து புதுச்செடி வந்துவிடும். “ஒண்ணு ஒடைஞ்சா பத்து வரும் சார். எடம்தான் பத்தாது,” என்றார். என் வாக்கியம் தொண்டையிலேயே செத்தது.

ஆனால் என் பின்னாலேயே ஏறிவந்த என் மனைவிக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. சாய்ந்த ரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். இறக்கை நட்டுகள் எல்லாம் தளர்வாக, பாதித் திருகலில் நின்றிருந்தன. “ஏன் சிஸ்டர், ஆளுங்களுக்குக் கட்டு போட்டப்பவும் இப்படித்தான் தொளதொளன்னு கட்டினீங்களா?”

சிஸ்டர் தலை நிமிர்ந்தார்.  நட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு மறுபடி இலை பொறுக்கப் போய்விட்டார். ரேக்கை நிமிர்த்தினோம். நட்டை மறுபடி அதே பாதி அளவுக்குத்தான் திருகினார். அவர் இறுக்காமல் விட்டது அவசரத்தில் அல்ல என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இறுக்கினால் அங்கேயே இருந்துவிடுவோம் என்ற எண்ணம் வந்துவிடும் அல்லவா? அந்த எண்ணம் வருவதைத்தான் அவர் விடவில்லை.

வீட்டுக்காரரின் போன் மழைக்காலம் முடிந்து வந்தது. மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்க ஆள் வந்துவிட்டார்களாம். வீடு இருக்கட்டும், மொட்டைமாடி மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் காலியாக வேண்டும்.

குடில் இல்லாமல் அந்தச் செடிகள் ஒரு வாரம்கூடத் தாங்காது. வீட்டுக்குள் வைத்தால் வெளிச்சம் போதாது. வெளியே வைத்தால் கருகிவிடும். அதனால் செடிகளோடு தானும் வீட்டைக் காலி செய்வதாகச் சிஸ்டர் சொல்லிவிட்டார். என் மனைவி கலங்கிப்போய் மேலே ஓடினாள். “பாதிச் செடிய எங்க பால்கனியில வைங்க சிஸ்டர். நீங்க வீட்ட விட்டுப் போயிடாதீங்க.”

“உங்க பால்கனியில மேற்கு வெயில்மா. ரெண்டே நாள்ல சுட்ட அப்பளமாயிடும்.” பிறகு அவளைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: “நான் இத்தனை நாளா செடிக்குத்தான் வாடகை கட்டிட்டிருந்தேன். நான் சும்மா கூடத் தங்கியிருந்தேன்.”

“எங்க போவீங்க?”

“பாகலூர் பக்கம் தோட்டத்துல ஒரு எடம் இருக்குது. ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருந்தாங்க. பேஷன்ட் எடத்துக்கு எல்லாம் போறதான்னு நான்தான் விட்டுட்டேன். சும்மா போகல. வாடகைக்குத்தான் போறேன்.”

ஞாயிறு காலை குட்டியானை வந்து நின்றது. நான்கு சக்கரமும் முன்னால் ஒரு மூஞ்சியும் வைத்த அந்த வண்டியைத்தான் சொல்கிறேன். சானமாவுக் காட்டிலிருந்து நிஜமானவர்கள் இறங்கிவருகிற ஊர் என்பதால் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் இறக்கை நட்டுகளையும் கிளாம்ப்புகளையும் திருகத் திருக, பசுமைக்குடில் பூவிதழ் மாதிரி கழன்றது. முருகேசனும் அந்தோணியும் கெம்பம்மாவும் வரிசையாகப் படியிறங்கினார்கள். காலைச் சிற்றுண்டி செரிப்பதற்குள் மாடி வெறும் தரையாகிவிட்டது. வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து வீடு முழுக்கத் தேடினார். ஓர் ஓட்டைகூட இல்லை. ஏதோ ஏமாற்றப்பட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, நேராகக் கீழே இறங்கி எங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். மாமனார் படத்துக்குப் பின்னால்வரை பார்த்தார்.

பாகலூரில் ரோஜாக் கூடாரத்துக்குப் பக்கத்தில், காவலாளிக்காகக் கட்டிய இரண்டறை வீடு. பின்னால் கட்டாந்தரை. கூட்டை நிறுத்தி, ரேக்கை மாட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்துக்காரர் வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். யாரென்று சிஸ்டர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர் நேராக வாசலோரத்து ரேக்கிடம் வந்து, குனிந்து, பிளாஸ்திரியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“ஏம் சிஸ்டரு! என் காலு இத்தன நாளு உங்ககிட்டயா இருந்துச்சு?”

“ஆமா. நீ ஒழுங்கா வெச்சுக்க மாட்டேன்னுதான்.”

சீனிவாசலு சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு காற்றில் மெல்ல ஆடிய ரேக்கைப் பார்த்தார். “இங்க காத்து ஜாஸ்தி. கீழ குழி தோண்டி நாலு காலுக்கும் காங்கிரீட் போட்டுர்லாம். இங்கிருந்து உங்கள யாரு எழுப்பப் போறாங்க சிஸ்டரு? நான் இருக்கற வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க. எனக்குப் பிறகு என் பையன் எழுப்பினான்னா, அவன் காலை ஒடச்சுட்டு நீங்களே கட்டு போடுங்க.”

கழட்ட முடியுமா என்ற கேள்விக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. சிஸ்டர் தொட்டிகளைப் பார்த்தார். வந்த வழியில் ஒரு இலைகூடக் கிழியவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் ஆடிய ரேக்கை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“காங்கிரீட் எல்லாம் வேணாம்,” என்றார் கடைசியில். மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, கடைக்காரர் கொடுத்தனுப்பிய ஆறு மூலை நட்டுப் பாக்கெட்டை எடுத்தார். பிரிக்காமலே இருந்தது. பல்லால் கடித்துக் கிழித்தார். “தட்டெல்லாம் அப்படியே தூக்கற மாதிரி இருக்கட்டும். காலுக்கு மட்டும் இதப் போடுங்க. சார், கார்ல ஸ்பானர் இருக்குதில்ல?”

இருந்தது. வாங்கிய நாளிலிருந்து எடுக்காத ஸ்பானர். இறக்கை நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் அவற்றைப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டார். புது நட்டைப் போட்டு இறுக்கினேன்.

“போதுமா சிஸ்டர்?”

“இன்னும் ஒரு சுத்து.”

சுற்றினேன். ரேக் ‘க்ரக்’ என்றது. பக்கத்தில் கல்லில் உட்கார்ந்திருந்த சீனிவாசலு இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “சார், மெல்லகா, மெல்லகா! அது என் காலு!” என்றார்.

சிஸ்டர் தெலுங்கில் அவரை ஏதோ திட்டினார். பிறகு நாடி பார்க்கிற மாதிரி இரண்டு விரலை நட்டின் மேல் வைத்து, மறுகையால் ரேக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. மறுபடி ஆட்டிப் பார்த்தார்.

“அடுத்த காலு,” என்றார்.